ரொட்டியின் காவலன்

ஆங்கிலத்தின் கதை: அத்தியாயம் 4

சென்ற அத்தியாயத்தில் ஆங்கிள், சாக்சன், ஜூட் என்று மூன்று கூட்டத்தார் வடகடலைத் தாண்டி வந்து பிரிட்டனில் குடியேறியதைப் பார்த்தோம். அவர்களுடைய அரசர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். யார் யாரை எங்கே வென்றார்கள் என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் அந்த வீடுகளில் சமைத்தவர்கள் யார், யாருடைய கையை நம்பி யார் சாப்பிட்டார்கள், அடிபட்ட ஏழைக்கு என்ன நியாயம் கிடைத்தது என்பதைப் பற்றி ஆண்டுக் குறிப்பேடுகள் அதிகம் பேசுவதில்லை. அவை துறவிகள் எழுதிய ஏடுகள். அரசர், ஆயர், போர், பஞ்சம், இவையே அவர்களுக்குச் செய்தி. அடுப்படியின் வரலாறு சொற்களில்தான் தங்கியிருக்கிறது. எனவே இந்த அத்தியாயத்தில் போர்க்களத்தை விட்டுவிட்டுச் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ‘லார்டு’. லார்டு கர்சன், லார்டு ரிப்பன் என்று ஆட்சியாளரின் பட்டமாகவே நாம் கேட்டுப் பழகிய சொல் இது. சென்னை மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகை அப்படி ஒரு லார்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லின் உருவம் ‘ஹ்லாவோர்ட்’. அதற்குள் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ‘ஹ்லாஃப்’, அதாவது ரொட்டி. இன்றைய ‘லோஃப்’ அதன் பேரப்பிள்ளை. மற்றொன்று ‘வெயர்ட்’, அதாவது காவலன். ‘வார்டு’ என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. ரொட்டியைக் காப்பவன்தான் லார்டு.

‘லேடி’யும் அதே வீட்டில் பிறந்தவள். பழைய உருவம் ‘ஹ்லேவ்டியே’. முன்பாதி அதே ரொட்டி. பின்பாதி மாவு பிசைவதைக் குறிக்கும் வேர். பிசைந்த மாவுக்கு ஆங்கிலத்தில் ‘டோ’ என்கிறோமே, அதற்கு உறவு. அந்த வீட்டில் மூன்றாவது ஒருவனும் உண்டு. அவன் பெயர் ‘ஹ்லாஃப்ஏட்டா’, ரொட்டி தின்பவன். வீட்டுத் தலைவனின் தானியத்தை நம்பி வாழ்ந்து, அவனுக்காக உழைத்த பணியாள். காப்பவன், பிசைபவள், தின்பவன்: ஒரு சமூகத்தின் அதிகார அமைப்பு முழுவதையும் ஒரே ரொட்டியை வைத்து அந்த மக்கள் பெயரிட்டிருக்கிறார்கள்.

இதில் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. வடக்கு ஐரோப்பாவின் நீண்ட குளிர்காலத்தில் வயல் எதையும் தராது. சென்ற ஆண்டின் தானியம் தீர்ந்து, புது விளைச்சல் இன்னும் வராத நாட்கள் மிகக் கொடியவை. களஞ்சியத்தை வைத்திருந்தவன் கையில்தான் மற்றவர்களின் உயிர் இருந்தது. அதனால்தான் ஆகஸ்ட் முதல் நாள் அவர்களுக்குத் திருநாள். புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசி பெறுவார்கள். அந்த நாளின் பெயர் ‘ஹ்லாஃப்மஸ்ஸே’, ரொட்டித் திருப்பலி. இன்றும் ஆங்கிலத்தில் ‘லாமஸ்’ என்ற பெயர் வழங்குகிறது.

பாடகர்கள் அதே தலைவனை வேறு பெயரால் அழைத்தார்கள். ‘பேயோவுல்ஃப்’ காப்பியத்தில் அவன் மோதிரம் தருபவன், புதையல் பகிர்பவன். வீரர்கள் கூடிய மண்டபத்தில் பொன் வளையங்களைக் கொடுத்து விசுவாசத்தைப் பெற்றவன். பாட்டில் பொன்னும் பேச்சில் ரொட்டியும் இருந்திருக்கின்றன. பேச்சுதான் நிலைத்தது; மோதிரம் தருபவன் என்ற பெயர் மறைந்து, ரொட்டிக் காவலன் என்ற பெயர் நாடாளுமன்றத்தின் மேலவை வரை போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் காப்பியமே தப்பிப் பிழைத்தது பெரிய விஷயம். 3182 அடிகள் கொண்ட அதற்கு உலகில் ஒரே ஒரு பழைய கையெழுத்துப் பிரதிதான் உண்டு. 1731-இல் லண்டனில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் பிடித்த தீயில் அதன் ஓரங்கள் கருகின.

ரொட்டி தின்பவனுக்குத் திரும்புவோம். அவனை நாம் அறிவது ஒரு சட்டத்தின் வழியாக. கெண்ட் நாட்டு அரசர் ஏதல்பெர்ட், கி.பி. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் நாட்டுச் சட்டங்களை எழுதச் செய்தார். ரோமிலிருந்து 597-இல் வந்த அகஸ்டின் என்ற துறவியால் கிறித்தவரானவர் இவர். துறவிகள் இலத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் சட்டம் இலத்தீனில் எழுதப்படவில்லை, மக்களின் பேச்சிலேயே எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய நூல் அதுதான். கவிதையோ வேதமோ அல்ல, அபராதப் பட்டியல். ரோச்செஸ்டர் தேவாலயத்தில் 1120-களில் படியெடுத்த ஒரே ஏட்டில் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஏடு நீரில் விழுந்து மீட்கப்பட்டது. நீர்க்கறை இன்றும் அதன் பக்கங்களில் தெரிகிறது.

அந்தப் பட்டியலில் மனித உடல் தலை முதல் கால் வரை விலையிடப்பட்டிருக்கிறது. கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங். கட்டைவிரல் நகம் போனால் 3. நடுவிரலுக்கு 4, சுண்டுவிரலுக்கு 11. முன்பற்கள் ஒவ்வொன்றுக்கும் 6 ஷில்லிங். அதற்கடுத்த பல்லுக்கு 4, அடுத்ததற்கு 3, மீதிப் பற்களுக்கு ஒவ்வொன்று. விரல்களின் பெயர்களைப் பாருங்கள். ஆள்காட்டி விரலுக்கு ‘எய்யும் விரல்’ என்று பெயர், வில்லில் அம்பு தொடுப்பதால். மோதிர விரலுக்கு ‘பொன்விரல்’. அதன் விலை 6. பின்னாளில் அதே விரலுக்கு ‘மருத்துவ விரல்’ என்றும் ஒரு பெயர் ஏற்பட்டது.

உயிருக்கும் விலை உண்டு. அதன் பெயர் ‘வெர்கில்ட்’. ‘வெர்’ என்றால் ஆண். ‘கில்ட்’ என்றால் செலுத்தும் தொகை. கொலைக்குப் பழிவாங்கிக் குடும்பங்கள் அழிந்துபோகாமல் இருக்கக் கொலையாளியின் சுற்றத்தார் இறந்தவனின் சுற்றத்தாருக்குக் கொடுக்கும் ஈடு இது. கெண்டில் சுதந்திரமான உழவனின் உயிருக்கு 100 ஷில்லிங். அவனுடைய ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங், அதுவும் உழவனுக்குத்தான் போகும். கட்டைவிரலுக்கு 20, ஒரு முன்பல்லுக்கு 6, பணியாளின் உயிருக்கும் 6. அன்றைய சமூகத்தைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதினாலும் இந்த மூன்று எண்கள் சொல்வதற்கு மேல் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

‘வெர்’ என்ற சொல் இன்று தனியாக வழக்கில் இல்லை. ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிய கதைகளில் வரும் ‘வேர்வுல்ஃப்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. உலகத்தைக் குறிக்கும் ‘வேர்ல்டு’ என்ற சொல்லிலும் அது உண்டு. ‘மனிதனின் காலம்’ என்பது அதன் பழைய பொருள். அப்போது ‘மன்’ என்பது ஆணையும் பெண்ணையும் சேர்த்து மனிதர் எவரையும் குறித்தது. பெண்ணுக்குப் பெயர் ‘வீஃப்’; மனைவி என்ற குறுகிய பொருள் பின்னால் வந்தது. ‘வீஃப்’ உடன் ‘மன்’ சேர்ந்து ‘வீஃப்மன்’ ஆகி, அதுவே தேய்ந்து ‘வுமன்’ ஆனது. ஆணிடமிருந்து ஒட்டு வாங்கிப் பெண்ணின் பெயர் உருவானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பொதுவான மனிதச் சொல்லை ஆண் பின்னாளில் தனதாக்கிக்கொண்டான் என்பதே நடந்தது.

சட்டங்களில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் ‘வெயல்’. அந்நியன் என்று பொருள். கடல் கடந்து வந்தவர்கள், அந்தத் தீவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த கெல்டிய மக்களுக்கு இட்ட பெயர் அது. சொந்த மண்ணில் இருந்தவர்களை வந்தேறிகள் அந்நியர் என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்து ‘வேல்ஸ்’ என்ற நாட்டின் பெயராகவும் ‘வெல்ஷ்’ என்ற இனத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. கார்ன்வால் என்ற ஊர்ப்பெயரின் பின்பாதியும், அக்ரூட்டைக் குறிக்கும் ‘வால்நட்’ என்ற சொல்லின் முன்பாதியும் அதே ‘வெயல்’தான். வால்நட் என்றால் அந்நியக் கொட்டை.

வெசெக்ஸ் அரசர் ஈனே, ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய சட்டத்தில் இந்த ‘அந்நியர்’களுக்குத் தனி விலை. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தை அவர்கள் ‘ஹைடு’ என்றார்கள். ஒரு ஹைடு நிலம் வைத்திருந்த வெல்ஷ்காரனின் உயிர் 120 ஷில்லிங், நிலமே இல்லாதவன் 60. அங்கே சாக்சன் உழவனின் உயிர்விலை 200, பிரபுவுக்கு 1200. கெண்டின் ஷில்லிங்கும் வெசெக்ஸின் ஷில்லிங்கும் மதிப்பில் வேறு என்பதால் இந்த எண்களை மேலே சொன்னவற்றோடு ஒப்பிட வேண்டாம். தமக்குள் ஒப்பிட்டாலே போதும். அடுத்த இருநூறு முந்நூறு ஆண்டுகளில் ‘வெயல்’ என்ற சொல் மேலும் கீழே இறங்கியது. அந்நியன் என்றது, அடிமை என்றே பொருள்படத் தொடங்கியது. ஓர் இனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அதன் பெயருக்கு நேர்ந்ததே சொல்லிவிடுகிறது. வெல்ஷ் மக்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. தங்கள் மொழியில் தங்களை ‘கம்ரி’, ஒரே நாட்டவர், என்று இன்றுவரை அழைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலேயருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சேய்சன்’, அதாவது சாக்சன்கள்.

பொருள் சுருங்கிய சொற்கள் ஏராளம். சிலவற்றை மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மானைக் குறிக்கும் ‘டீர்’ அன்று எந்த விலங்கையும் குறித்தது. அதனால்தான் காட்டு விலங்குகள் வாழும் இடம் ‘வில்டர்னஸ்’ ஆனது. ‘மீட்’ என்பது எந்த உணவுக்கும் பொதுப்பெயர். இறைச்சி சேராத மிட்டாயை ‘ஸ்வீட்மீட்’ என்பது அதனால்தான். பசியால் வாடுவதைச் சொல்லும் ‘ஸ்டார்வ்’ அன்று வெறுமனே சாவதைக் குறித்தது. ‘சில்லி’ என்றால் பேறுபெற்றவர். ‘வியர்டு’ என்றால் விதி. இவற்றின் உறவுகளான ஜெர்மன் சொற்கள் சில இன்னும் பழைய பொருளிலேயே இருக்கின்றன: அங்கே ‘டீர்’ விலங்குதான், ‘ஷ்டெர்பன்’ சாவதுதான்.

கிழமைகளின் பெயர்களில் நமக்கும் அவர்களுக்கும் உண்மையாகவே ஒரு பந்தம் இருக்கிறது. ஏழு கோள்களின் பெயரால் வாரத்தை வகுக்கும் முறை மத்தியதரைக் கடல் நாடுகளில் உருவாகி, மேற்கே ரோமுக்கும் கிழக்கே இந்தியாவுக்கும் பரவியது. நாம் கோள்களின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டோம். ஆங்கிலோ சாக்சன்களோ ரோமானியக் கடவுளுக்கு இணையான தங்கள் கடவுளைத் தேடி வைத்தார்கள். செவ்வாய்க்குரிய மார்ஸுக்குப் பதில் போர்க்கடவுள் டீவ்; அது ட்யூஸ்டே. புதனுக்குரிய மெர்க்குரிக்குப் பதில் வோடன், அது வென்ஸ்டே. வியாழனின் ஜூபிட்டருக்கு இடிக்கடவுள் துனோர். வெள்ளியின் வீனஸுக்குப் பெண் தெய்வம் ஃப்ரிக். சனிக்கு மட்டும் இணை கிடைக்கவில்லை போலும். ரோமானியரின் சாட்டர்ன் அப்படியே சாட்டர்டேயில் தங்கிவிட்டார்.

மாதப் பெயர்கள் அத்தனையும் போய்விட்டன. ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவி பீட், 725-இல் காலக் கணக்கைப் பற்றி எழுதிய நூலில் அவற்றைக் குறித்துவைக்காமல் போயிருந்தால் நமக்கு அவை பற்றி மிகக் கொஞ்சமே தெரிந்திருக்கும். மே மாதத்தின் பெயர் ‘த்ரிமில்சே’: புல் செழித்துப் பசுக்களிடம் நாளைக்கு மூன்று முறை பால் கறந்த மாதம். நவம்பர் ‘ப்ளோட்மோனத்’: குளிர்காலம் முழுவதும் தீனி போட முடியாத கால்நடைகளைத் தெய்வங்களுக்கு நேர்ந்து அறுத்த மாதம். ஏப்ரலுக்கு ‘யோஸ்டர்’ என்ற பெண் தெய்வத்தின் பெயர் என்று பீட் எழுதுகிறார். கிறித்து உயிர்த்தெழுந்த திருநாளுக்கு ஆங்கிலத்தில் ‘ஈஸ்டர்’ என்று பெயர் வந்தது அந்த மாதத்திலிருந்துதான் என்பதும் அவர் சொன்னதே.

735-இல் பீட் மரணப்படுக்கையில் இருந்தபோது தம் சிறு பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதிலிருந்த பொருள்களைச் சக துறவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். மிளகு, கைத்துண்டுகள், சாம்பிராணி. அவ்வளவுதான் அவர் சொத்து. உடனிருந்த மாணவர் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. அந்த மிளகு சேர நாட்டு மலைச்சரிவுகளின் பொருள். வட இங்கிலாந்தின் ஒரு மடம் வரை அது எத்தனை கைமாறிப் போயிருக்கும்! பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பிபொர்’. இலத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிப் போனால் அது ‘பிப்பலி’யில், நம் திப்பிலியில், போய் நிற்கும். இஞ்சியும் அப்படியே போனது. ‘கிங்கிஃபெர்’ என்று மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்ட அந்தச் சொல்லின் தொலைதூர வேர், பாலி மொழியின் ‘சிங்கிவேர’. அதற்குள் இருப்பது நம் ‘இஞ்சி’யும் ‘வேரு’ம் என்பதே அறிஞர் பலரின் முடிவு.

மருத்துவர்களை அவர்கள் ‘லேச்சே’ என்றார்கள். அட்டைக்கும் அதே பெயர் வழங்கியது. பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பால்டின் மருத்துவ ஏடு’ பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் கண் கட்டிக்கு ஒரு மருந்து சொல்லப்பட்டிருக்கிறது: பூண்டு, வெங்காய இனத்தில் இன்னொன்று, திராட்சை மது, மாட்டுப் பித்தம், இவற்றைக் கலந்து பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவுகள் வைக்க வேண்டும். 2015-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தினர் அதை அப்படியே செய்து பார்த்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத ஒருவகைப் பாக்டீரியாவை அது ஆய்வகத்தில் பெருமளவில் கொன்றது. அந்தப் பூண்டின் பெயர் ‘கார்லேயாக்’. ‘கார்’ என்றால் ஈட்டி. ஈட்டிமுனை போன்ற பல்லுடைய பூண்டு என்பதால் அந்தப் பெயர்.

இந்த மொழிக்குக் கல்விச் சொற்கள் இல்லை, எல்லாவற்றையும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கடன் வாங்கியது என்று இன்று பலர் எண்ணுகிறார்கள். கடன் வாங்கியது உண்மை. இயலாமையால் வாங்கியது என்பது பொய். வானியலை அவர்கள் ‘துங்கொல்கிராஃப்ட்’, விண்மீன் கலை, என்றார்கள். கணிதம் ‘ரீம்கிராஃப்ட்’, எண்ணின் கலை. இலக்கணம் ‘ஸ்டாஃப்கிராஃப்ட்’, எழுத்தின் கலை. இயேசுவின் சீடரைக் ‘கற்கும் பையன்’ என்று பெயர்த்தார்கள். ஏல்ஃப்ரிக் என்ற மடத் தலைவர், ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இலத்தீன் இலக்கணத்தைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்திலேயே எழுதினார். வேறெந்த ஐரோப்பிய நாட்டு மொழியிலும் அதற்கு முன் அப்படி ஒரு நூல் இல்லை. அதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பே மாமன்னர் ஆல்ஃபிரட், எல்லோரும் அறிய வேண்டிய நூல்களைத் தம் மக்களின் மொழிக்குக் கொண்டுவந்தார். தாமே அமர்ந்து மொழிபெயர்த்தார் என்பது மரபு. அவர் சாக்சன் வம்சத்தவர். ஆனால் தம் மொழியை ‘எங்லிஷ்’ என்றே எழுதினார். இங்கிலாந்து என்ற ஒரே நாடு உருவாகும் முன்பே மொழி ஒன்றாகிவிட்டது.

அவர் காலத்தில் படையெடுத்து வந்த டேனியர்களும் சொற்களை விட்டுச் சென்றார்கள். இருவரின் மொழியும் நெருங்கிய உறவு என்பதால் வீட்டுச் சொற்கள்கூடக் கலந்தன. ‘லா’ என்ற சட்டச் சொல், ‘ஹஸ்பெண்ட்’, ‘தே’, காற்றின் கண் என்று பொருள்படும் ‘விண்டோ’, எல்லாம் அவர்கள் தந்தவை. முட்டையைக் குறிக்கும் ‘எக்’கும் அவர்களுடையதே, பழைய ஆங்கில வழியில் வந்தது ‘எய்ரென்’. இரண்டும் நெடுங்காலம் மோதிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் முதல் அச்சகம் அமைத்த காக்ஸ்டன் 1490-இல் ஒரு சம்பவத்தை எழுதுகிறார். கெண்ட் கரையில் இறங்கிய வணிகர் ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்’ கேட்கிறார். வீட்டுக்காரப் பெண், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். தனக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று அவருக்குக் கோபம். கூட வந்தவர் ‘எய்ரென்’ என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்து வென்றார். அதன்பின் கீழே விழுந்த சொற்களில் என் மனத்தை மிகவும் வருத்துவது ‘சேயோர்ல்’. 200 ஷில்லிங் உயிர்விலை பெற்ற, யாருக்கும் அடிமையாகாத உழவனின் பெயர் அது. புதிய பிரபுக்களின் கீழ் அவன் நிலத்தோடு கட்டுண்டவன் ஆனான். அவன் பெயர் ‘சர்ல்’ என்று தேய்ந்து, பண்பற்றவன், முரடன் என்ற வசையானது. ஜெர்மானிய மொழிகளில் இதே சொல்லின் மறுவடிவம் ‘கார்ல்’. ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட ஷார்லமேனின் இயற்பெயர் அதுதான். அவர் பெயரிலிருந்தே போலிஷ் மொழியில் ‘க்ரூல்’ என்றும் செக் மொழியில் ‘க்ரால்’ என்றும் அரசனுக்குச் சொல் பிறந்தது. ஒரே வேர் கிழக்கே அரியணை ஏறியது. தோற்ற நாட்டில் வசைச்சொல் ஆயிற்று.

ஏல்ஃப்ரிக்கின் கலைச்சொற்களும் ஆல்ஃபிரட்டின் உரைநடையும் இதே வழியில் போயின. 1086-இல் வில்லியம் நாடு முழுவதையும் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏடு இலத்தீனில் எழுதப்பட்டது. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் மட்டும் ஆண்டுக் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் தொடர்ந்தார்கள்; 1154-ஆம் ஆண்டுக் குறிப்போடு அதுவும் நின்றுபோனது. பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் நடந்தன. ரொட்டி பிசைந்தவர்களும் பசுக் கறந்தவர்களும் தங்கள் பேச்சை விடவில்லை. அதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம். வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது 1362-இல். அந்தச் சட்டம் எழுதப்பட்டது பிரெஞ்சு மொழியில்.